செல்வராசா கோல் காத்த பருவம்

ஆதவன்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ உன் அறையில் நின்று புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, நீ படிக்கப் போகிற அல்போர்க்கில், மாணவர் விடுதியில் உன்னோடு ஒரே மாடியில் தங்கப்போகிற பெடியன்களோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாய். நான் உன் துவாய்களை மடித்து எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். மறுபக்கத்தில் ஒருவன் உன் பெயரைச் சொல்லப் பார்த்தான். நடுவில் தடக்குப்பட்டான். மறுபடி தொடங்கினான். நீ சிரித்துக்கொண்டு, "ஆதம் எண்டு கூப்பிடு, காணும்" என்று டேனிஷில் சொன்னாய். ஒரு நொடியில் முடிந்த காரியம். பிறகு நீ குசினிக்கு வந்து என் முகத்தைப் பார்த்து, கோபமா என்று கேட்டாய். இல்லை என்றேன். உண்மையிலேயே கோபம் இல்லை. சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. ஆனால் பருப்பு அடுப்பில் இருந்தது, நீயும் அவசரத்தில் நின்றாய், நான் விட்டுவிட்டேன். உரிய நேரத்தில் வாய் திறக்காமல் இருந்துவிட்டுப் பிறகு தனியே இருந்து எழுதுகிற ஆள் நான் என்பது உனக்குத் தெரியும். ரயிலில் உனக்கு ஐந்து மணித்தியாலம் இருக்கும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அழுதழுது போன பலனை இன்றைக்கு எடுத்துக்கொள். எழுத்துக் கூட்டி மெதுவாக வாசி.

இது நீ பிறப்பதற்கு மூன்று வருடம் முந்திய கதை. எனக்கு அப்போது இருபது வயது. நாங்கள் இப்போது இருக்கிற இந்தப் புரொண்பிக்கு வந்திருக்கவில்லை, ஸ்கீவ என்கிற சின்ன நகரத்தில் இருந்தோம். உன் அம்மப்பா அங்கே ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார். அம்மம்மாவுக்குப் பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை. இந்தக் கடிதத்தில் அவர்களை அப்பா, அம்மா என்றே எழுதுகிறேன். அப்போது அவர்கள் எனக்கு அவ்வளவுதான். நான் பக்கத்து நகரத்தில் தாதியர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கிழமை நாட்களில் மாணவர் விடுதி, வெள்ளிக்கிழமை பின்னேரம் வீடு. அப்பா பக்கத்திலும் அம்மா பக்கத்திலும் கல்லூரி ஒன்றுக்குள் மாணவியாகக் கால் வைத்த முதல் ஆள் நான்தான். வகுப்பில் மூன்றாம் வரிசை, யன்னல் ஓரம். எல்லாவற்றையும் பார்ப்பேன். யார் யாரோடு கோபம், யார் படிக்காமல் வந்திருக்கிறார்கள், எந்த ஆசிரியை எப்போது மணிக்கூட்டைப் பார்க்கிறார், எல்லாம் எனக்குத் தெரியும். கேள்வி மட்டும் கேட்க மாட்டேன். முதல் வருட அறிக்கையில் என்னைப் பற்றி "அமைதியானவர்" என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல் எனக்குத் தெரியும். தெரிந்தும் அகராதியை எடுத்துப் பார்த்தேன், அது பாராட்டா குறையா என்று அறிய. அகராதி அதைச் சொல்லவில்லை.

அந்தக் கல்லூரியில் பெண்களுக்கு ஓர் உதைபந்தாட்டக் குழு இருந்தது. ஏழு பேர் விளையாடுகிற சின்ன மைதானம், அந்த வட்டாரத்துக் கிராமக் கழகங்களோடு போட்டி, எட்டுக் குழுக்கள் உள்ள கடைசிப் பிரிவு. அதற்கு முந்திய பருவத்தில் அவர்கள் ஓர் ஆட்டமும் வெல்லவில்லை. இருந்த கோல் காப்பாளரும் மணிக்கட்டை முறித்துக்கொண்டு போய்விட்டாள். கரீனா என்பவள்தான் காப்டன். பண்ணை வீட்டுப் பிள்ளை, அகலமான தோள், தூரத்தில் நிற்கிற மாட்டைக் கூப்பிட்டுப் பழகிய குரல். என் வகுப்புத்தான், ஆனால் ஒன்றரை வருடத்தில் நாங்கள் நாலு வசனம் பேசியிருக்க மாட்டோம். ஒருநாள் செய்முறை வகுப்பில் அவளுடைய முழங்கை பட்டு இரும்புத் தட்டம் ஒன்று மேசையிலிருந்து விழுந்தது. நான் பக்கத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். என் இடது கை போய் அதைப் பிடித்துவிட்டது. எனக்கே பிறகுதான் தெரியும். கரீனா என்னைப் பார்த்தாள். சவர்க்காரப் போத்தலை எடுத்து என் முகத்துக்கு நேரே எறிந்தாள். அதையும் பிடித்தேன். "செவ்வாய்க்கிழமை ஆறு மணி," என்றாள். "நீளமான கால்மேசு கொண்டு வா."

வரமாட்டேன் என்று சொல்லத்தான் செவ்வாய்க்கிழமை போனேன். வரமாட்டேன் என்று சொல்வதற்கு நேரே போகவேண்டும் என்று நினைத்ததைப் பார். போனதும் கையில் கையுறையைத் தந்துவிட்டார்கள். குழுவுக்குப் பயிற்சி கொடுத்தவர் கல்லூரிக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்கிற யென்ஸ். ஐம்பது வயதிருக்கும். சாவிக்கொத்து இடுப்பில் கிலுங்க ஓடுவார். அலுவலகத்தில் இருந்து வாங்கி வந்த வகுப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "செல்வராசா?" என்று கேட்டார். நான் ஓம் என்று தலையாட்டினேன். எங்கள் பத்திரங்களில் ஊர் வழக்கப்படி அப்பாவின் பெயர் முன்னுக்கு, என் பெயர் பின்னுக்கு. அவர் குடும்பப் பெயரைச் சரிபார்க்கிறார் என்று நான் நினைத்தேன். அவரோ முன்னுக்கு இருப்பது என் பெயர் என்று நினைத்தார். ஐந்து நிமிடத்துக்குள் ஆறு பெண்கள் என்னை என் அப்பாவின் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

உனக்கு இது பெரிய விசயமாகத் தெரியாது, ஆகையால் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை ஒருவரும் வாயால் சொல்வதில்லை. அம்மாவுக்கு அவர் "இஞ்சருங்கோ." நகரசபையான கொமூனவில் இருந்து யாராவது புருசனின் பெயரைக் கேட்டால் அம்மா என் முழங்கையில் இடிப்பார், நான் சொல்லவேண்டும். நானும் அதைச் சொல்லும்போது குரலை இறக்கித்தான் சொல்வேன். அப்படிப்பட்ட பெயரைத் திறந்த வெளியில், ஏப்ரல் மாதக் குளிரில், ஆலங்கட்டி மழைக்குள், "செல்வராசா, நித்திரையோ?" "செல்வராசா, கையை உயர்த்தடி!" "செல்வராசா, உன்ர கொம்மா வந்தா பந்தைப் பிடிச்சுத் தருவா?" என்று கத்தினார்கள். முதல் நாள் ஒவ்வொரு கூப்பிடலுக்கும் எனக்கு உடம்பு கூசியது. திருத்தவேண்டும் என்று ஒவ்வொரு செவ்வாயும் நினைத்துக்கொண்டு போனேன். முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு வசனம். இரண்டாம் கிழமை என்றால் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஐந்தாம் கிழமை என்றால் அது ஒரு கதை, கதை சொல்கிற ஆளா நான்? உனக்கு அங்கே ஏதாவது பிழையாகத் தொடங்கினால், அது சட்டை அளவாக இருந்தாலும் சரி, வாடகைப் பத்திரமாக இருந்தாலும் சரி, அன்றைக்கே சொல்லிவிடு. என்னிடமிருந்து நீ எடுத்துக்கொள்ளக் கூடாத ஒரு குணம் என்றால் இதுதான்.

முதல் ஆட்டம் ஆறுக்கு ஒன்று என்று தோற்றோம். ஆறும் என் கைக்கு எட்டக்கூடிய பந்துகள். நான் பிடிக்கத் தெரியாமல் விடவில்லை. ஒவ்வொரு முறையும் எங்கள் ஆள் ஒருத்தியும் நானும் ஒரே பந்துக்குப் போய், நான் அவளுக்கு வழி விட்டேன். ஆட்டம் முடிய கரீனா என்னைப் பிடித்து வலைக்கு முன்னால் நிறுத்தினாள். "பந்து உன்னட்ட வந்தா 'என்ர' எண்டு கத்து. நாங்கள் விலகுறம். நீ மரியாதை குடுத்துக்கொண்டு நிண்டா எங்களுக்குக் கோல் விழும்," என்றாள். யென்ஸ் பந்தைத் தூக்கித் தூக்கிப் போட்டார். நான் மெல்லமாக "என்ர" என்றேன். "கேக்கேல்லை," என்றாள் கரீனா. மறுபடி சொன்னேன். "வாகன நிறுத்தத்தில நிக்கிற நாய்க்குக் கேக்க வேணும்," என்றாள். பதினைந்தாவது தடவையோ என்னவோ, என் வயிற்றில் இருந்து ஒரு சத்தம் வந்தது. நாய் உண்மையாகவே திரும்பிப் பார்த்தது. எல்லாரும் கை தட்டினார்கள். இந்த நாட்டுக்கு வந்து பதினொரு வருடத்தில் நான் முதன்முதல் உரத்துச் சொன்ன சொல் அது.

அதற்குப் பிறகு நடந்ததை இன்றைக்கும் நினைத்தால் எனக்கு நிமிர்ந்து இருக்கவேண்டும் போலிருக்கும். இரண்டாவது ஆட்டம் சமம். மூன்றாவது, பன்றிப் பண்ணைக்குப் பக்கத்தில், காற்று எங்கள் முகத்துக்கு வீச, ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றோம். அந்தக் கல்லூரி மூன்று பருவத்தில் கண்ட முதல் வெற்றி. யென்ஸ் மைதானத்தைச் சுற்றி ஓடி, சாவிக்கொத்தைத் தொலைத்தார். பிறகு எல்லாரும் புல்லில் முழங்காலில் நின்று தேடினோம். நாலாவது, ஐந்தாவது, இரண்டும் வென்றோம். ஆட்டம் முடிந்த பிறகு எல்லாரும் இருந்து சாப்பிட்டுக் குடிப்பதை இங்கே மூன்றாம் பாதி என்பார்கள் அல்லவா, அதற்கு நான் முதலில் போகாமல் பேருந்துக்கு ஓடிவிடுவேன். பிறகு போகத் தொடங்கினேன். அவர்கள் பியர் குடித்தார்கள், நான் அப்பிள் சாறு குடித்தேன், ஒருவரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நீயும் போ. குடிக்கிறதும் குடிக்காததும் உன் பாடு. ஆனால் இருக்கையில் உன் இடம் வெறுமையாக இருக்கக்கூடாது.

நாலாவது ஆட்டம் முடிந்த கையோடு ஊரிலுள்ள பேக்கரிக்காரர் எங்களுக்குப் புதுச் சட்டைகள் எடுத்துத் தந்தார். வெள்ளைச் சட்டை, முதுகில் பெயர், கீழே இலக்கம். என் சட்டையில் பெரிய எழுத்தில் செல்வராசா, கீழே ஒன்று. குழுவில் ஒரு வழக்கம், ஆட்டத்துக்கு ஒருவராக எல்லாருடைய உடுப்பையும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோய்த்துக்கொண்டு வரவேண்டும். என் முறை வந்த கிழமை விடுதி இயந்திரம் பழுது. பையை ஸ்கீவவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். காலையில் நான் எழும்ப முந்தி அம்மா தோய்த்துப் பின் முற்றத்துக் கொடியில் காயப்போட்டுக்கொண்டு நின்றார்.

"இஞ்ச வா பிள்ளை," என்றார். "இது ஆற்ற சட்டை?"

"என்ர."

"இதில என்ன எழுதிக் கிடக்கு?"

அவர் வாசித்துவிட்டார். தன் வாயால் சொல்ல முடியாதபடியால் என்னைச் சொல்லச் சொன்னார். "அப்பான்ர பேர்," என்றேன்.

"அது தெரியுது. அது ஏன் உன்ர முதுகில கிடக்கு?"

நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப அவளவை உன்னை இந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறவளவை?"

"ஓம்."

"பேசுறதும் இதைச் சொல்லித்தான்?"

"ஓம்."

அம்மா சட்டையை எழுத்து வெளியே தெரியாதபடி திருப்பிக் கொடியில் போட்டார். மற்றச் சட்டைகளைத் தள்ளி அதற்கு ஓர் இடைவெளி விட்டார். "ஃபக்டரியில அந்தாளைச் செல் செல் எண்டு பாதியாக்கிப் போட்டாங்கள்," என்றார். "ஒருநாளும் அதைச் சொல்லிக் குறைப்பட்டதில்லை. ஆனா முதல் நாள் அப்பிடிக் கூப்பிட்டதெண்டு வந்து சொல்லேக்க முகம் எப்பிடி இருந்ததெண்டு எனக்குத் தெரியும். மிச்சமா இருந்த பேரையும் நீ கொண்டுபோய்ப் புல்லுத்தரையில போட்டிட்டாய். ஒண்டில் பேரைத் திருத்து, இல்லாட்டி விளையாட்டை விடு. கொப்பர் அறிய முந்திச் செய்."

ஓம் என்றேன். செய்யவில்லை. அடுத்த ஆட்டம் வியாழக்கிழமை. அதில் கடைசி நிமிடத்தில் எங்களுக்கு எதிராக ஒரு பெனால்டி கொடுத்தார்கள். அடிக்க வந்தவள் ஓடி வருகிறபோது ஒரு தடவை தன் இடப்பக்க மூலையைப் பார்த்ததை நான் கண்டேன். பார்க்கிறது மட்டும்தான் எனக்கு எப்போதும் தெரிந்த வேலை. அந்த மூலைக்குப் பாய்ந்தேன். பந்து என் உள்ளங்கையில் பட்டு வெளியே போனது. எல்லாரும் வந்து என்மேல் விழுந்தார்கள். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் மூலையில் மூன்று வரி: தாதியர் கல்லூரி வென்றது, செல்வராசா பெனால்டியைத் தடுத்தார், புதன்கிழமை நடக்கிற கடைசி ஆட்டத்தில் வென்றால் அவர்கள் பிரிவில் முதலிடம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் வீட்டுக்குப் போனபோது அப்பா சாப்பிட்டு முடித்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து மேசையில் வைத்து விரலால் நீவினார். நாலு மூலையிலும் ஒட்டிய அடையாளம் இருந்தது.

"சாப்பாட்டு அறையில சுவரில ஒட்டியிருந்தாங்கள்," என்றார். "செல், உனக்கு இந்த வயசிலயும் நல்லாப் பாயத் தெரியுது எண்டாங்கள். நான் எதோ பகிடி எண்டு சிரிச்சுக்கொண்டு நிண்டன். பிறகுதான் வாசிச்சன்."

அம்மா குசினி வாசலில் நின்று என்னையே பார்த்தார்.

"அடுத்த விளையாட்டு எப்ப?"

"புதன்கிழமை, அப்பா."

"எத்தினை மணிக்கு?"

"ஆறரை."

"ம்," என்றார். எழும்பிப் போய்த் தொலைக்காட்சியைப் போட்டார். அந்த ஒரு எழுத்தை நான் ஐந்து நாள் சுமந்தேன். தன் பெயரைப் பெண்பிள்ளைகள் வெளியில் நின்று ஏலம் போடுவதைப் பார்க்க ஓர் அப்பா எதற்கு வருவார்? நிறுத்தத்தான் வருவார் என்று முடிவு கட்டினேன். கரீனாவிடம் போய், நான் புதன்கிழமை விளையாடவில்லை என்றேன். அவளிடம் நான் சொன்ன முதல் மறுப்பு. "உனக்குச் சுகமில்லையோ?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப ஏன்?" நான் புத்தகங்களைப் பைக்குள் அடுக்கினேன். "நீ வராட்டி நாங்கள் ஆறு பேர்," என்றாள். "ஆறு பேரா நிண்டு தோப்பம். ஆனா ஏனெண்டு சொல்லாமல் போனா நான் உன்னோட வாழ்நாளில கதைக்கமாட்டன்." அன்று முழுக்க வகுப்பில் அவள் என் பக்கம் திரும்பவில்லை. அதைத் தாங்க முடியாமல்தான் போனேன். வேளைக்கே போய் யென்ஸிடம் பெயரைத் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். பேருந்து பிந்திவிட்டது. நான் போனபோது அவர் ஆட்டப் பத்திரத்தை எழுதி நடுவரிடம் கொடுத்துவிட்டார்.

ஜூன் மாதம். ஆறரைக்கும் வெயில் நிலத்தில் படுத்திருக்கிறது. எதிரே முதலிடத்தில் நிற்கிற கிராமக் குழு. எங்களுக்குச் சமம் காணாது, வெல்லவேண்டும். எல்லைக் கோட்டோரம் நாற்பது ஐம்பது பேர் மடக்குக் கதிரைகளோடு வந்து இருந்தார்கள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அப்பாவின் பழைய நீலக் கார் வந்து நின்றது. வேலைச் சட்டையோடு இறங்கினார். கூட, தொழிற்சாலை ஆட்கள் இரண்டு பேர். நேரே நடந்து வந்து என் கோலுக்குப் பக்கத்தில், மூலைக் கொடிக்கு அருகே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்துக் கரீனா நடுவில் நின்று, "செல்வராசா, முழிச்சிரு!" என்று கத்தினாள். நான் பந்தைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பந்து ஒரு தவளையைப் போலத் துள்ளித் துள்ளி மெதுவாக வந்து என் காலுக்கு நடுவால் போனது. அதற்குப் பிறகு அவர்கள் ஒரு மூலை உதை அடித்தார்கள். என் பந்து. எனக்குத் தெரியும். "என்ர" என்று கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. கரீனாவும் நானும் தலையும் தோளுமாக மோதி விழுந்தோம். பந்து வலைக்குள் போனது. இரண்டுக்குப் பூச்சியம். அதோடு பாதி நேரம்.

"உனக்கு என்னடி பிடிச்சிருக்கு, செல்வராசா?" என்றாள் கரீனா, நெற்றியைத் தடவிக்கொண்டு.

"அது என்ர பேர் இல்லை," என்றேன். "அது என்ர அப்பான்ர பேர். அந்தா நிக்கிறார்."

ஆறு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். தோடம்பழத் துண்டை வாயில் வைத்திருந்தவள் அதை மெல்லவில்லை. கரீனா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அப்ப இந்தப் பருவம் முழுக்க நாங்கள் உன்ர கொப்பாவையோ பேசினனாங்கள்?" என்றாள். "நான் அந்தாளின்ர தாயையும் இழுத்தனானே." பிறகு அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை, எனக்கும் முடியவில்லை. யென்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மைதானத்தைக் கடந்து அப்பாவிடம் போனார். நான் பின்னால் ஓடினேன். உங்கள் பெயரை நான் பிழையாக எழுதிவிட்டேன், இப்போதே போய் நடுவரிடம் திருத்துகிறேன் என்றார்.

அப்பாவின் டேனிஷ் உனக்குத் தெரியும், வசனத்துக்கு நாலு சொல். "எழுதினது பிழையில்லை," என்றார். "நீங்கள் சொல்லுறதுதான் பிழை. கடைசியை விழுங்குறியள். ராசா. நீட்ட வேணும்."

யென்ஸ் சொல்லிப் பார்த்தார். அப்பா தலையை ஆட்டினார், இல்லை என்று. மறுபடி சொன்னார். மூன்றாம் முறை சரியாக வந்தது. அப்பா திரும்பித் தன்னோடு வந்த இரண்டு பேரையும் பார்த்தார். "நீங்களும்," என்றார். பதினொரு வருடமாக அவரைச் செல் என்று கூப்பிட்ட இரண்டு பெரிய மனிதர்கள், ஒருவன் கையில் பியர், ஒருவன் கையில் பாண் துண்டு, பள்ளிப் பிள்ளைகள் மாதிரி நின்று செல்வராசா, செல்வராசா என்று சொல்லிப் பழகினார்கள்.

"ஏன் பிள்ளை ஒளிச்சனி?" என்று என்னிடம் தமிழில் கேட்டார்.

"உங்கட பேரைச் சொல்லிப் பேசினவை, அப்பா. உங்களுக்கு வெக்கமா இருக்கும் எண்டு."

"எனக்கோ?" என்றார். "இந்த நாட்டுக்கு வந்த நாள் துவக்கம் என்ர பேரை வெட்டாமல் ஒருத்தர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இண்டைக்குக் காரை விட்டு இறங்க முந்தியே கேட்டுது. ஆரோ தெரிஞ்ச ஆக்கள் கூப்பிடுறாங்கள் எண்டு திரும்பிப் பாத்தன்." பிறகு, "போ, துவங்கப் போறாங்கள்," என்றார்.

மகன், அவருக்கு எதில் வெட்கம் வரும் என்பதை அவரைக் கேட்காமலே நானும் அம்மாவும் தீர்மானித்து வைத்திருந்தோம். அன்பினால்தான் செய்தோம், ஆனாலும் அது பிழை. அதோடு இன்னொன்றையும் கண்டேன். அந்த இரண்டு பேருக்கும் பெயரைச் சொல்ல நாக்கு வராமல் இல்லை, ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை உன்னோடு கதைத்த பெடியன் தடக்குப்பட்ட பிறகு மறுபடி தொடங்கினான், கவனித்தாயா? அவன் சொல்லப் பார்த்தான். நீதான் முந்திக்கொண்டு அவனை நிறுத்தினாய். ஆதம் என்று இருக்க விருப்பமென்றால் இரு, அது நீயே தேர்ந்தது, நான் மறிக்கமாட்டேன். ஆனால் அவனுக்கு வில்லங்கம் கொடுக்கக்கூடாது என்பதற்காக என்றால், அவனுக்கு இன்னொரு தடவை இடம் கொடுத்துப் பார்.

இரண்டாம் பாதியை நான் எத்தனை தரம் மனதில் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. கரீனா மூலை உதையில் தலையால் ஒன்று போட்டாள். பத்து நிமிடத்தில் தூரத்திலிருந்து இன்னொன்று, அது கம்பத்தில் பட்டு உள்ளே போன சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. எல்லைக் கோட்டில் முதலில் அந்த இரண்டு தொழிற்சாலைக்காரர்தான் தொடங்கினார்கள், செல்வ-ராசா, செல்வ-ராசா என்று நீட்டி, கை தட்டி. யென்ஸ் சேர்ந்தார். பிறகு மடக்குக் கதிரைக்காரர் எல்லாரும். எதிர்க் குழுவின் ஆட்கள்கூட இரண்டொருவர் அதன் தாளத்துக்குக் காலை ஆட்டினார்கள். அவர்கள் கூப்பிட்டது என்னையா அவரையா என்று எனக்குத் தெரியவில்லை, தெரியத் தேவையும் இருக்கவில்லை. ஐந்து நிமிடம் இருக்க எங்கள் இடது பக்கத்து ஆள், குழுவிலேயே சின்னவள், அதுவரை ஒரு கோலும் போடாதவள், விழுந்துகொண்டே அடித்தாள். மூன்றுக்கு இரண்டு. கடைசி நிமிடத்தில் அவர்கள் ஏழு பேரும் எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். பந்து உயர்ந்து, வெயிலுக்குள் போய், கறுப்பாக இறங்கியது. முன்னால் ஐந்து தலைகள். "என்ர!" என்று கத்தினேன். கரீனா விலகினாள், எல்லாரும் விலகினார்கள், அவர்களுடைய ஆட்கள்கூட ஒரு கணம் தயங்கினார்கள். பந்து என் இரண்டு கைக்குள்ளும் வந்து இருந்தது. அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு புல்லில் குப்புற விழுந்தேன், நடுவர் ஊதும் வரைக்கும் விடவில்லை, ஊதிய பிறகும் விடவில்லை.

மூன்றாம் பாதிக்கு அப்பாவையும் இழுத்துக்கொண்டு போனார்கள். கரீனா அவருக்குப் பக்கத்தில் இருந்து, தான் பேசிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மன்னிப்புக் கேட்டாள். அவர் ஒவ்வொன்றையும் விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார். யென்ஸ் அடுத்த பருவத்துப் பதிவுப் பத்திரத்தைக் கொண்டுவந்து, இனி எந்தப் பெயரை எழுதவேண்டும் என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா என் பக்கம் கையைக் காட்டினார். நான் என் பெயரைச் சொன்னேன். அறையின் மறுகோடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அந்தக் கல்லூரியில் இன்னும் ஒன்றரை வருடம் படித்து, அப்பாவின் பெயரும் என் பெயரும் உரிய இடத்தில் இருக்கிற பட்டத்தை வாங்கினேன். மேல் பிரிவிலும் அந்தக் கோலில் நான்தான் நின்றேன்.

அன்று நான் விடுதிக்குப் போகவேண்டும், அப்பா ஸ்கீவவுக்கு. கார் வரைக்கும் அவரோடு நடந்தேன். தொழிற்சாலை ஆட்கள் பின்னால் ஏறி இருந்துவிட்டார்கள். அம்மாவுக்குத் தான் சொல்வதாகச் சொன்னார். காரை இயக்கி, கண்ணாடியை இறக்கி, மைதானத்தைப் பார்த்தார்.

"முதல் கோல் என்ர பிழை," என்றார். "நான் அந்த இடத்தில வந்து நிண்டிருக்கக் கூடாது. ரெண்டாவது உன்ர பிழை."

"ஓம் அப்பா."

"வாய் திறந்து கத்தியிருக்க வேணும்," என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார்.

அம்மா